மலைக்கு வந்தவர்கள், வீட்டுக்கு வராதவர்கள்

திருத்தணியில் குடியிருப்பவர்களுக்கு உறவினர்கள் இரண்டு வகை. வீட்டுக்கு வந்துவிட்டு மலைக்குப் போகிறவர்கள் ஒரு வகை. மலைக்குப் போய்விட்டு, நம் கண்ணில் படாமல் ஸ்டேஷனுக்குப் போக எந்தத் தெரு வசதி என்று ஆட்டோக்காரரிடம் விசாரிக்கிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையால் நமக்கு வேலை, இரண்டாம் வகையால் அவமானம். எது தேவலை என்று கேட்டால் ஊரில் எல்லோரும் வேலைதான் தேவலை என்பார்கள். பிறகு அந்த வேலையைப் பற்றி ஒரு வாரம் முணுமுணுப்பார்கள்.

கோயில் இல்லாத ஊரில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே மாமா வீட்டுக்குப் போகிறவன் மாமாவைப் பார்க்கத்தான் போகிறான், பிடிக்கவில்லை என்றால் அந்த ஊர்ப் பக்கமே போக மாட்டான். இங்கே முருகன் இருக்கிறான். மாமாவைப் பிடிக்காதவனும் வருடத்துக்கு இரண்டு முறை மாமா வீட்டுக்கு அரை கிலோமீட்டர் தூரத்தில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்தால் ‘சமைத்து வைக்கச் சொல்லி உத்தரவு’ என்போம். சொல்லாமல் வந்தால் ‘சாதம் வடித்த பிறகு வந்து நிற்கிறார்கள்’ என்போம். வராமலே போனால் ‘ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்’ என்போம். அந்த ஒரு வார்த்தை எது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அது தெரிந்திருந்தால் பாதிக் குடும்பங்களில் பேச ஒன்றும் இருக்காது.

ஒளிந்து போவதும் எளிதல்ல. மொட்டையும் சந்தனமும் அரை மைல் தூரத்துக்குப் பளபளக்கும். எங்கள் தெருமுனையில் பூக்கட்டுகிற அம்மாவுக்கு எங்கள் உறவினர்கள் அத்தனை பேரின் முகமும் தெரியும். அவர் ஒருநாளும் ‘உங்கள் ஆட்கள் வந்தார்கள்’ என்று நேராகச் சொல்ல மாட்டார். “நேத்து உங்க பெரியம்மா பையன் குடும்பத்தோட மலை எறங்கினாங்க. உங்க வூட்டாண்ட வந்துட்டுதான் போயிருப்பாங்க, இல்ல?” என்று கேட்டுவிட்டு, பதில் வருகிறவரை மல்லிகையை எண்ணிக்கொண்டிருப்பார். “ஆங், வந்தாங்க வந்தாங்க” என்று நாம் சொல்வோம். நாம் பொய் சொல்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது நமக்குத் தெரியும். முழம் மட்டும் அன்றைக்குக் கொஞ்சம் தாராளமாக இருக்கும்.

நான் அரசு அலுவலகம் ஒன்றின் பதிவறையில் வேலை செய்கிறவன். எந்தக் காகிதம் எந்தத் தேதியில் வந்தது என்பதைத் தவிர வேறு எதையும் நம்பக்கூடாது என்று அந்த அறை எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது. வீட்டிலும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பழைய நாட்குறிப்புகளையும் பயணிகளின் குறிப்புகளையும் தேடித் தேடிப் படித்ததில் பிடித்துக்கொண்ட பழக்கம். மழை, மின்வெட்டு, மலையில் கூட்டம், யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள், சொல்லிவிட்டு வந்தார்களா, எல்லாம் அதில் இருக்கும். நூறு வருடம் கழித்து யாராவது படித்து ஆச்சரியப்படுவார்கள் என்று எண்ணியிருந்தேன். ஆனால் அதை முதலில் படித்துக் காட்டியது நான்தான், அதுவும் தவறான நாளில்.

அது ஆடிக் கிருத்திகை. என் மனைவியின் தம்பி அரக்கோணத்திலிருந்து வந்திருந்தான். அவளைவிடப் பன்னிரண்டு வயது சிறியவன், அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். திருமணமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. புது மனைவி, மாமனார், மாமியார் எல்லோரையும் முதல் முறையாக அக்கா வீட்டுக்கு அழைத்து வந்திருந்தான். மலையிலிருந்து இறங்கி எல்லோரும் இலையில் உட்கார்ந்திருந்தார்கள். பாயசம் வந்த நேரத்தில் அவன் மாமனாரிடம் சொன்னான்:

“எங்க அக்கா வூட்டுக்கு எப்ப வந்தாலும் ஒரு போன் பண்ணிட்டுதான் மாமா வருவேன். எங்க பாவாவுக்கு எல்லாம் கரெக்டா இருக்கணும்.”

இப்போது நினைத்துப் பார்த்தால் அது என்னைப் பாராட்டிச் சொன்ன வார்த்தை. புது மாமனார் முன்னால் அக்கா புருஷனான பாவாவை உயர்த்திவைத்து, அதில் தானும் ஓர் அங்குலம் உயர்ந்துகொள்கிறான். உலகத்தில் எல்லா மாப்பிள்ளைகளும் செய்வதுதான். நான் சிரித்துவிட்டுப் பாயசத்தைக் குடித்திருக்க வேண்டும்.

நான் எழுந்துபோய் நோட்டை எடுத்து வந்தேன்.

வேடிக்கைக்குத்தான் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் இருந்த அவனுடைய ஒன்பது வருகைகளையும் கிழமையோடு படித்தேன். போன் செய்துவிட்டு வந்தது இரண்டு முறை. அதில் ஒரு முறை போன் செய்தது எங்கள் தெருமுனையிலிருந்து. ஒரு சித்திரை மாத வெள்ளிக்கிழமை பதினோரு பேரோடு மதியம் ஒன்றே முக்காலுக்குச் சொல்லாமல் வந்ததும், அன்று அப்பளம் தீர்ந்துபோனதும்கூட எழுதியிருந்தது. மாமனார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மச்சானும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இலையை மூடினான். பாயசம் பாதி இலையில் இருந்தது.

“பாவா சூப்பர் பாவா” என்றான். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு “போய்ட்டு வரோம்” என்றான். அதில் முதல் பாதி மட்டும்தான் நடந்தது.

அன்று பாத்திரம் துலக்கும்போது என் மனைவி கேட்டாள்: “எதுக்குங்க அதப் படிச்சீங்க?”

“எழுதியிருந்தது பொய்யா?”

“பொய்யின்னா நான் சண்ட போட்டிருப்பேன்.”

பாயசக் குண்டானை எடுத்து அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள். எழுதியிருந்ததில் ஒரு வரிகூடத் தவறில்லை என்பதை நான் மட்டும் பல நாள் பெருமையோடு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. அரக்கோணம் ரயிலில் அரை மணி நேரம். கார்த்திகைக்கு வருவான் என்றாள், வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. சண்டை என்று யாரும் அறிவிக்காததால் சமாதானம் செய்யவும் வழியில்லை. ‘அவன் போன் செய்யட்டும், சின்னவன்தானே’ என்று இவள் இருந்தாள். ‘அக்கா கூப்பிடட்டும், பெரியவள்தானே’ என்று அவன் இருந்திருப்பான்.

ஆனால் தொடர்பே இல்லை என்று சொல்ல முடியாது. காலை ஐந்தரைக்கு என் மனைவி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு ரோஜாப்பூ வைப்பாள். ஐந்து முப்பத்து நாலுக்குள் அதைத் தம்பி பார்த்திருப்பான். அவன் எட்டு மணிக்குத் தன் பைக்கையோ மழையையோ போடுவான். இவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அதைப் பார்ப்பாள். பிறகு யார் யார் தன் ரோஜாவைப் பார்த்தார்கள் என்ற பட்டியலைத் திறந்து, முதல் பெயரைப் பார்த்துவிட்டு மூடிவிடுவாள். அக்காவும் தம்பியும் உயிரோடு இருக்கிறார்கள் என்பதற்கு இருவருக்கும் தினசரிச் சான்றிதழ் கிடைத்துவிடும். கையெழுத்து மட்டும் இருக்காது.

ஆனி மாதம் ஒரு புதன்கிழமை காலை அவன் ஸ்டேட்டஸில் ஒரு குழந்தையின் பாதம் வந்தது. ‘எங்கள் இளவரசன்’ என்று எழுதியிருந்தது. தான் அத்தையானதை என் மனைவி அப்படித்தான் தெரிந்துகொண்டாள். குழந்தை பிறந்தால் வீட்டுக்கு வந்து, வாயில் சர்க்கரை போட்டுச் சொல்ல வேண்டும். சர்க்கரை வராத வீட்டிலிருந்து குழந்தை பார்க்கப் போக முடியாது. இந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று தெரியாது, மீறியவர்களும் இல்லை. அவள் போனை எடுத்து ‘ராஜா மாதிரி இருக்கான்டா’ என்று தட்டினாள். அழித்தாள். ‘வாழ்த்துக்கள்’ என்று தட்டினாள். அதையும் அழித்தாள். கடைசியில் கைகூப்பிய பொம்மை ஒன்றை அனுப்பினாள். அவனும் ஒரு கைகூப்பிய பொம்மையை அனுப்பினான். இடுப்பில் தூக்கி வளர்த்தவளும் வளர்ந்தவனும் ஒருவரை ஒருவர் கும்பிட்டுக்கொண்டார்கள், பஸ் ஸ்டாண்டில் ஓட்டுக் கேட்க வந்தவரும் ஓட்டுப் போடுகிறவரும் போல.

அன்றிலிருந்து அவள் மாதங்களை எண்ண ஆரம்பித்தாள். அவர்கள் வீட்டு வழக்கத்தில் குழந்தையின் முதல் முடியைத் தரையில் விழ விடக்கூடாது. அத்தை முந்தானையை விரித்து ஏந்த வேண்டும். பதினோராம் மாதத்தில் திருத்தணியில்தான் மொட்டை. அத்தை குடியிருப்பதும் திருத்தணியில்தான். “அதுக்காவது கூப்ட்டுதானங்க ஆவணும்?” என்று மாசியில் ஒரு முறை கேட்டாள். “கூப்பிடுவான்” என்றேன். பங்குனியில் கேட்கவில்லை. சித்திரையில் மஞ்சள் கரை போட்ட புதுப் புடவை ஒன்று பீரோவில் இருந்தது. எதற்கு என்று நானும் கேட்கவில்லை. நான் ஒரு கடிதம் எழுதிப் பார்க்கிறேன் என்று சொன்னபோது மட்டும் அவளுக்குக் கோபம் வந்தது.

“நீங்க எதையும் எழுத வேணாம். எழுதினது போதும்.”

வைகாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரை. பால் வாங்கித் திரும்பியவளைப் பூக்கார அம்மா நிறுத்தினார். நான் வாசல் கேட்டுக்கு உள்ளே நின்றிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

“இன்னாம்மா, இன்னும் பொறப்படலியா? கொழந்தைக்கு மொட்டைன்னு தம்பி பொய்கையாண்ட நின்னுகினு கீறாரே. நீ முன்னாடியே போயிருப்பேன்னு நெனச்சேன்.”

“ஆங், இதோ பொறப்பட்டுகினேதான் இருக்கேன்” என்றாள் என் மனைவி.

உள்ளே வந்தாள். பாலைக் கீழே வைத்தாள். பீரோவைப் பார்த்தாள், திறக்கவில்லை. கூப்பிடாத இடத்துக்குப் புதுப் புடவை கட்டிக்கொண்டு போனால், காத்திருந்தது தெரிந்துபோய்விடும். வீட்டுப் புடவையோடு ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு, “கறிவேப்பில வாங்கிகினு வரேன்” என்றாள். கறிவேப்பிலை விற்கிற மார்க்கெட் ஒரு திசை. மொட்டை போடுகிற சரவணப் பொய்கை வேறு திசை. நான் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மொட்டை போடும் மண்டபத்தில் கூட்டம். மூன்றாவது வரிசையில் மச்சான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிரே முடி எடுப்பவர். பக்கத்தில் குழந்தையின் சித்தி ஒரு பச்சைத் துண்டை விரித்துக்கொண்டு குனிந்திருந்தாள். அத்தைக்குப் பதிலாக அவளும், முந்தானைக்குப் பதிலாகத் துண்டும். நெற்றியிலிருந்து உச்சிவரை ஒரு பட்டை வழித்தாகிவிட்டது. குழந்தை ஊரே திரும்பிப் பார்க்கும்படி அழுதுகொண்டிருந்தது.

மச்சான் நிமிர்ந்தான். இருபத்திரண்டு மாதம் கழித்து அக்காவும் தம்பியும் பேசிய முதல் வார்த்தைகளைக் கேட்டவன் என்ற முறையில் இங்கே எழுதுகிறேன்.

“அட, அக்கா! நீ எங்க இங்க?”

இந்த ஊரில் இருபது வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கிறவளைப் பார்த்துக் கேட்கிறான்.

“சும்மாதான். கறிவேப்பில வாங்க வந்தேன்.”

“மொட்ட போடற எடத்துலயா?”

“நீ எங்க இங்க?” என்று இவள் திருப்பிக் கேட்டாள், குழந்தையின் பாதி வழித்த தலையைப் பார்த்துக்கொண்டே.

“சும்மாதான். திடீர்னு முடிவாச்சி.”

ஒன்பது பேர், இரண்டு கட்டைப்பை, மாலை, சந்தனக் கிண்ணம், குழந்தைக்குப் பட்டு வேட்டி. திடீரென்று.

முடி எடுப்பவர் கத்தியை நிறுத்தினார். “யாருங்க இவங்க?”

“கொழந்தைக்கு அத்த” என்றாள் என் மனைவி, அவரைப் பார்த்து.

மச்சானும் அவரையே பார்த்துச் சொன்னான்: “அவங்களுக்கு வேல இருக்கும். போறதுன்னா போகட்டும்னு சொல்லுங்கண்ணே.”

“எனக்கு ஒரு வேலையும் இல்லன்னு சொல்லுங்க. சொல்லி அனுப்பாம வுட்டவங்களுக்குதான் ஆயிரம் வேலன்னு சொல்லுங்க.”

“கூப்ட்டா வருவாங்களோ மாட்டாங்களோ, நமக்கு இன்னா தெரியும்ணே?”

“சக்கரைய வாட்ஸ்அப்புல அனுப்ச்சா எப்படிண்ணே வர்றது?”

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு பேரும் ஒரு முழம் தள்ளிதான கீறீங்க? என் கையில கத்தி கீது. நனச்ச தல காயுது, கொழந்த கத்துது. என்ன ஏங்க நடுவுல இழுக்குறீங்க? யார் ஏந்தறதுன்னு சொல்லுங்க, இல்லன்னா அடுத்த டோக்கனக் கூப்பிடறேன்.”

எனக்கு அந்த இடத்தில் ஒரு பொறுப்பு இருப்பதாகத் தோன்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, “மச்சான், அந்த ஆடிக் கிருத்திகை அன்னிக்கு மதியம்…” என்று ஆரம்பித்தேன்.

“நீங்க வாயத் தொறக்காதீங்க” என்றாள் என் மனைவி.

மச்சான் என்னைப் பார்த்தான். “எழுதிக்கோங்க பாவா. வைகாசி, ஞாயித்துக்கெழம. ஒம்போது பேரு. சொல்லாம வந்தோம். சாப்பிடல.” குரல் சிரிக்கிற மாதிரிதான் ஆரம்பித்தது, முடியும்போது சிரிப்பு இல்லை. “எங்க மாமனாரு இன்னும் அந்த அப்பளத்தச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு பாவா. தெனமும் அவர் கடையிலதான் நான் உக்காரணும்.”

இது எனக்குத் தெரியாது. நோட்டில் இதற்கு இடம் இல்லை. நான் எழுதியது அவன் எப்போது வந்தான் என்பதைத்தான். படித்த பிறகு அவன் எங்கே போய் உட்கார்ந்தான் என்பதை எழுதவில்லை.

என் மனைவி குழந்தையின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். முந்தானையை உதறி, இரண்டு கையாலும் விரித்தாள். குழந்தையின் சித்தி நல்ல பெண், துண்டைத் தானாகவே நகர்த்திக்கொண்டாள். மச்சான் அந்த முந்தானையைப் பார்த்தான்.

“பொடவ வீணாயிடும்க்கா.”

“ஆவட்டும். தலையப் புடி, ஆட்றான் பாரு. கொழந்தயப் புடிக்கிற மொறையா இது?”

அதன் பிறகு நிற்கவே இல்லை. குழந்தையைப் பிடிப்பது, தொப்பி போடாமல் ரயிலில் கொண்டு வந்தது, உடம்பு இளைத்திருப்பது, மச்சான் தாடி வைத்திருப்பது, எல்லாவற்றுக்கும் திட்டினாள். அவன் “ஆங்க்கா, ஆங்க்கா” என்று கேட்டுக்கொண்டான். முதல் பட்டை முடி பச்சைத் துண்டில் இருந்தது. மீதி அவள் முந்தானையில் விழுந்தது. முடித்த பிறகு சித்தியின் துண்டை வாங்கி, அதில் இருந்ததையும் தன் முந்தானையில் கொட்டிக்கொண்டாள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. யாரும் எதையும் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டிருப்பார்கள்.

சந்தனம் பூசிய தலையோடு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் அவர்களோடு மலை ஏறப் புறப்பட்டாள். “நான் போய்ட்டு வரேன்” என்றாள் என்னிடம். மதியம் சாப்பிட வருவார்களா, மாட்டார்களா, எத்தனை பேர், ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று கேட்பதற்கு எனக்கு வாய் இல்லை.

வீட்டுக்குப் போய் நானே கணக்குப் போட்டுப் பத்துப் பேருக்கு அரிசி களைந்தேன். கத்தரிக்காய் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல். அப்பளம் பொரிக்கலாமா என்று எண்ணெயை வைத்துவிட்டு யோசித்து, அடுப்பை அணைத்துவிட்டேன்.

இரண்டு மணிக்கு அவள் மட்டும் வந்தாள். கன்னத்தில் குழந்தையின் சந்தனம் ஒட்டியிருந்தது.

“அவங்க?”

“ஸ்டேஷன்ல கீறாங்க. மூணரைக்கு வண்டி.”

“வீட்டுக்குக் கூப்பிடலியா?”

“கூப்ட்டேன். பாவா வூட்டுக்கு இன்னொரு நாள் வரேன்றான்.”

“உன் வூடும்தான?”

“அதத்தான் நானும் கேட்டேன். சிரிக்கிறான்.” அடுப்பங்கரைக்குள் எட்டிப் பார்த்தாள். குண்டான் நிறையச் சாதம். “யாருக்கு இத்தன?”

“வருவாங்கன்னு…”

“என்னைய ஒரு வார்த்த கேக்கறதில்லயா?”

அந்த ‘ஒரு வார்த்தை’யை அவள் வாயால் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. கரண்டியில் சாம்பாரை எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். உப்புப் போட்டாள். அடுக்குத் தூக்கை எடுத்து, சாதத்தை அமுக்கி அமுக்கி வைத்தாள். “வூட்டுக்குத்தான் வரமாட்டேன்னான். சோறு வேணாம்னு சொல்லல” என்றாள்.

சாம்பார் தூக்கை நான் எடுத்துக்கொண்டேன். ஸ்டேஷன் வாசல்வரை இருவரும் நடந்தோம். அங்கே அவள் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

“அடுத்த மாசம் காது குத்து, அரக்கோணத்துல. என்னைய நேராவே கூப்ட்டுட்டான்.”

“என்னை?”

“உங்களப் பத்திப் பேச்சு வரல. கூப்ட்டா வாங்க. கூப்டலன்னா வந்து நிக்காதீங்க.” பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், “இப்ப இங்கயே இருங்க” என்றாள்.

கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். முதல் பிளாட்பாரத்தில் செய்தித்தாள் விரித்து வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். யார் சமைத்தது என்று அவள் சொல்லியிருக்க மாட்டாள். மச்சான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வண்டி வரப்போகிறது என்று ஒலிபெருக்கி சொன்ன பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. தட்டை நீட்டி இரண்டாம் முறை சாம்பார் வாங்கிக்கொண்டான்.